ஆங்கிலத்தில் உயிரோடிருந்த பேகம்

ரிஃபாகத் அலிக்குப் பேச வராது. ஊமை இல்லை, கேட்டால் பதில் சொல்வார், அதுவும் கேட்ட அளவுக்கு மட்டும். அப்படிப்பட்ட மனிதர் கராச்சியின் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் ஞாயிறுதோறும் வாய் ஓயாத ஒரு பத்தி எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார் என்றால், காரணம் அவர் மனைவி சாபிரா. அந்த அம்மாள் வாயிலிருந்து விழுந்ததைத்தான் மனிதர் பொறுக்கிப் பத்தியில் போட்டுக்கொண்டிருந்தார். பத்தியில் அவளுக்குப் பெயர் கிடையாது, வெறும் பேகம்.

பேகம் மினி பஸ் கண்டக்டரின் மானத்தை வாங்குவாள். மின்சாரம் போனால் மின்சாரக்காரர்களைப் பரம்பரையோடு இழுத்து வைத்துத் திட்டுவாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் திட்டு உச்சத்துக்குப் போகும்போது ஆங்கிலத்துக்கு மூச்சு வாங்கும். அந்த இடத்தில் அவள் சொன்னதை உருதுவிலேயே, ஆங்கில எழுத்தில், அப்படியே விட்டுவிடுவார் ரிஃபாகத். கிளிஃப்டனில் குளிர்சாதன அறையில் காப்பி குடித்துக்கொண்டு படிப்பவர்கள்கூட அங்கே வந்ததும் சிரித்துவிட்டு, எங்கள் அம்மா இப்படித்தான் பேசுவாள் என்பார்கள்.

பத்திரிகையில் ஒரு சட்டம் உண்டு. உருதுச் சொல் வந்தால் எழுத்து சாய்ந்து நிற்க வேண்டும், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அதன் பொருள் வர வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது. ஊர் முழுக்க உருது பேசுகிற ஊரில் உருதுச் சொல்லிடம் மட்டும் அடையாளச் சீட்டு கேட்கிற சட்டம். ரிஃபாகத்தும் அதை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாபிராவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. உருதுப் பேப்பரை வரி விடாமல் படிப்பாள். ஞாயிறு காலையில் தெருமுனைக் கடையிலிருந்து ஹல்வாவும் பூரியும் வாங்கி வந்து, தன் பத்தியைத் திரும்ப உருதுவாக்கி அவளுக்கு வாசித்துக் காட்டுவார் ரிஃபாகத். அவர் வீட்டில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசுவது அந்த ஒரு பொழுதில்தான்.

"நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்றதுக்கு ஒரு ஆபீஸ், ஒரு நாற்காலி, மேல ஒரு ஃபேன் வேற. கொடுத்து வச்சவருங்க நீங்க" என்பாள்.

படிக்கத் தெரியாதே தவிர கண் தெரியுமே. ஒரு நாள் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது என்னங்க, சில எழுத்து மட்டும் காத்தடிச்ச மாதிரி சாஞ்சு கிடக்கு?"

"அதெல்லாம் நீங்க பேசினது, பேகம்."

"நான் எதுக்குச் சாயணும்?"

"வெளிநாட்டுச் சொல்லுன்னா சாய்க்கணும். சட்டம்."

"ஓஹோ. நாசிமாபாத்ல குடியிருக்கற நான் வெளிநாடு. லண்டன்ல இருந்து வந்தது உள்ளூர். சரி, இந்த வேலி எதுக்கு?"

"அடைப்புக்குறி. உள்ள அர்த்தம் போட்டிருக்கும்."

"அதாவது நான் பேசி முடிச்சதும் ஒரு ஆளு எந்திரிச்சு நின்னு, இந்தம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னான்னு ஆரம்பிக்கறான். பேசட்டும், பேசட்டும். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என்கூடப் பேச ஒரு ஆம்பளை இல்லாமத்தானே இருந்தேன்!"

அதுவும் அடுத்த வாரப் பத்தியில் வந்தது, சாய்ந்தபடியே.

ஒரு குளிர்காலப் பிற்பகலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள், நெஞ்சு எரிகிறது என்று சொல்லிப் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. லியாகதாபாத்திலிருந்து அவள் தம்பி மஸ்ஹர்தான் ஓடி வந்து எல்லாக் காரியத்தையும் தலையில் போட்டுக்கொண்டான். குளிப்பாட்ட ஆள், கபன் துணி, கபர்ஸ்தானில் இடம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எந்தப் பேப்பர்ல அறிவிப்பு கொடுக்கட்டும், தூல்ஹா பாய்?" என்று கேட்டான். அக்காள் புருஷனை அவன் கல்யாண நாளிலிருந்து மாப்பிள்ளை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

"அவங்க படிக்கிற பேப்பர்ல" என்றார் ரிஃபாகத்.

அவள் படித்தது உருதுப் பேப்பர். அங்கே வந்தது. படித்தவர்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் சடங்கான சோயத்துக்கு மாடிப்படியெல்லாம் செருப்பு. பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஓதினார்கள், ஆண்கள் கீழே தெருவில் விரித்த ஜமக்காளத்தில். ஆனால் உருதுப் பேப்பர் போகிற வீட்டுக்கு ஆங்கிலப் பேப்பர் போகாது, ஆங்கிலம் போகிற வீட்டில் உருதுவைத் தொட மாட்டார்கள். ஒரே ஊரில் இரண்டு ஊர். பேகத்தைத் தெரிந்த அந்த இன்னொரு ஊருக்கு ஒரு சேதியும் போகவில்லை. இருந்த துக்கத்தில் யாருக்கும் அது தோன்றவும் இல்லை. அலுவலகத்துக்குத் தெரியும். நகரப் பக்கத்தைக் கவனிக்கிற ஜர்மீனா சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு, முன்பே எழுதி வைத்திருந்த பத்தி ஒன்று வந்தது. அடுத்த வாரம் ரிஃபாகத் அலுவலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சேதியை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். பேகம் என்று அடித்தார். அடுத்து என்ன வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை போகவில்லை. சோயம் என்ற சொல்லை நினைத்ததும் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. எப்போதோ ஒரு மீன்காரன் கண் வெளுத்த மீனைக் கூடையிலிருந்து எடுத்து நீட்ட, சாபிரா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுக்கு சோயம் எல்லாம் முடிச்சுட்டியா, இல்ல என் வீட்டுலதான் வச்சுக்கணுமா?" என்று கேட்டாள். அதை எழுதினார். மீன்காரன் பதில் சொன்னான், பேகம் விடவில்லை, அவன் சத்தியம் செய்தான், இவள் மீனையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். பத்தி நிறைந்துவிட்டது.

ஜர்மீனா படித்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகத் துறைமுகக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உருதுவில் இருந்த அந்தக் கேள்வியைச் சாய்த்து, பக்கத்தில் சோயம் என்றால் இறந்த மூன்றாம் நாள் சடங்கு என்று அடைப்புக்குறி போட்டு, பக்கத்துக்கு அனுப்பினாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்படித்தான் உருதுவில் அடக்கமாகிவிட்ட சாபிரா ஆங்கிலத்தில் வாராவாரம் கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். இதைப் பொய் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த மனிதருக்கு வீடு என்று இருந்தது அந்தப் பத்தி ஒன்றுதான். நாசிமாபாத் வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்புகிற சத்தமும் மேல்மாடியில் நாற்காலி இழுபடுகிற சத்தமும் தவிர வேறு சத்தமில்லை. காலையில் ஒரு டீ போடுவார், ஒரு முட்டையைப் பொரிப்பார், பூட்டிக்கொண்டு கிளம்புவார்.

மீன் பத்தி வந்த ஞாயிறு வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஒரு கிழவியின் உற்சாகமான ஆங்கிலம்.

"ரிஃபாகத் பாய்தானே? நான் கூமி. கார்டன் பக்கத்துல, பார்சி காலனியில இருக்கேன். டெலிபோன் புத்தகத்துல தேடிப் புடிச்சேன். அரே பாபா, அந்த மீன்! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கல் வந்துடுச்சு. பேகம்கிட்ட கொடுங்களேன் ஃபோனை."

ரிஃபாகத் ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டார். "தொழுதுக்கிட்டிருக்காங்க" என்றார்.

அதற்கப்புறம் கூமி ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாள். கூடவே இருந்த தங்கை டொரன்டோவுக்குப் போய்விட்டாள். காலனியில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பேச ஆள் வேண்டியிருந்தது அவளுக்கு. ஒவ்வொரு வாரமும் பேகத்தைக் கேட்பாள். பேகம் குளித்துக்கொண்டிருப்பாள், கடைக்குப் போயிருப்பாள், தம்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

"பிரதம மந்திரியைக்கூடப் புடிச்சுடலாம் போலிருக்கு, உங்க பேகத்தைப் புடிக்க முடியலையே" என்று கூமி சிரிப்பாள். சிரிப்பு முடிந்து ஃபோனை வைத்த பிறகும் ரிஃபாகத் அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வருஷம் ஓடியது. ஞாபகத்தில் இருந்தது எவ்வளவு காலத்துக்கு வரும்? சொன்னதையே சொல்ல ஆரம்பித்தார். பிறகு இவராக இட்டுக்கட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் ஜர்மீனா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"ரிஃபாகத் சாஹிப், கோவிச்சுக்காதீங்க. இந்த வரி பேகம் பேசற மாதிரி இல்ல. நம்ம தலையங்கம் பேசற மாதிரி இருக்கு."

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அன்று சாயங்காலம் வேலையில்லாமல் மினி பஸ்ஸில் ஏறி, முன்பக்கத்துப் பெண்கள் பகுதிக்கு நெருக்கமான இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்து, அங்கே நடக்கிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல பேச்சுதான். ஆனால் ஒன்றும் சாபிராவின் வாய்க்குப் பொருந்தவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலை நினைத்துப் பார்த்தார். நெஞ்சு எரிகிறது என்று கடைசியாகச் சொன்ன குரல் வந்தது. மீன்காரனிடம் கத்திய குரல் வரவில்லை. உடம்பைத்தான் மண்ணில் வைத்தோம், வாயாவது மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தார். அதுவும் போகப் பார்க்கிறது என்று தெரிந்ததும் மனிதர் இருட்டு விழுந்தும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

கூமியும் கண்டுபிடித்துவிட்டாள். "பேகத்துக்கு உடம்பு சரியில்லையா? இப்பல்லாம் ஹெட்மாஸ்டர் மாதிரி பேசறாங்களே" என்று ஃபோனில் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றார் இவர். அவள் நம்பவில்லை. பார்சிப் புத்தாண்டான நவ்ரோஸ் அன்று பிற்பகல், யாரோ மூச்சு வாங்கியபடி மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்கள். திறந்தால், பூப்போட்ட கவுன், கையில் மூடி போட்ட பீங்கான் கிண்ணம்.

"உங்க மாடிப்படியைக் கட்டினவன் நரகத்துக்குப் போவான். நான்தான் கூமி. நவ்ரோஸ் முபாரக். எங்க அவங்க?"

"வாங்க ஆபா. உட்காருங்க. பக்கத்து வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று அக்காள் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"போயிட்டு வரட்டும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல." கூமி உட்கார்ந்தாள். கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். "ரவோ. ரவையும் பாலும் போட்டுக் கிண்டினது. சூடு ஆறறதுக்குள்ள அவங்க வந்துட்டா நல்லது. கிண்ணத்தைச் சும்மா திருப்பி அனுப்பிடாதீங்க. வெறும் கிண்ணம் அனுப்பற வீட்டுல அடுப்பு இருக்கா, இல்ல அதையும் சமைச்சுச் சாப்பிட்டுட்டாங்களான்னு கேட்டவங்க உங்க பேகம்."

ரிஃபாகத் தலையாட்டினார். கேட்டவள் சாபிராதான். மேல்மாடிக்காரியைக் கேட்டாள்.

கூமியின் கண் வீட்டைச் சுற்றி வந்தது. ஜன்னல் திரை ஒரு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரிமேல் தூசி. தட்டு வைக்கும் கம்பியில் ஒரே ஒரு கோப்பை. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பேச்சைத்தான் பெரிதாக்கினாள்.

"சிரிக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். நான் இந்த ஊர்லயே பொறந்தவ. வீட்டுல குஜராத்தி, ஸ்கூல்ல இங்கிலீஷ். உருதுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இது எவ்வளவு, அது வேண்டாம், அவ்வளவுதான். கடைக்காரங்க என்னை ஏமாத்துவாங்க, நான் திட்டத் தெரியாம திரும்பி வருவேன். இப்ப உங்க பத்தியில சாஞ்ச எழுத்தெல்லாம் மனப்பாடம். போன வாரம் எம்ப்ரஸ் மார்க்கெட்ல ஒருத்தன் ஒரு மீனை நீட்டினான். நான் விடல."

கூமி எழுந்து நின்றாள். இடுப்பில் ஒரு கையை வைத்து, மறுகையால் இல்லாத மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, மூக்கைச் சுளித்து, உருதுவில் கேட்டாள்: "ஏம்பா, இதுக்கு சோயம் எல்லாம் முடிச்சுட்டியா?"

உச்சரிப்பு பார்சி உச்சரிப்பு. ஆனால் இழுத்த இடத்தில் இழுத்து, வெட்டின இடத்தில் வெட்டி, சாபிரா எப்படிக் கேட்டாளோ அப்படியே வந்தது. வாராவாரம் தேடியும் கிடைக்காத குரல் நடு அறையில் நின்று கேட்டது. ரிஃபாகத் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்ன ஆச்சு ரிஃபாகத் பாய்?"

"பேகத்தோட சோயம் ஆயிடுச்சு, ஆபா. போன வருஷம், குளிர்காலத்துல."

கூமிக்கு அந்தச் சொல் மீனோடுதான் பழக்கம். அவள் முதலில் சிரிக்கப் போனாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் வாராவாரம் யாரை விசாரிச்சேன்?"

அவர் மேஜைமேல் இருந்த கிண்ணத்தின் மூடியைச் சரி செய்தார்.

"பேப்பர்ல போடலையே நீங்க. நான் முதல் பக்கத்துலேர்ந்து மரண அறிவிப்பு வரைக்கும் படிக்கறவ. போடவே இல்லையே."

"போட்டோம். உருதுப் பேப்பர்ல."

"எனக்கு உருது படிக்கத் தெரியாதே!" கூமிக்குக் கோபம் வந்தது. "என் வீட்டுல இந்த ஒரு வருஷத்துல வேற யாரு பேசினாங்க? உங்க பேகம்தான் பேசினாங்க. நான் வந்திருப்பேனே. மூலையில உட்கார்ந்திருப்பேன். வெள்ளைச் சேலை இருக்கு என்கிட்ட. உங்களுக்கு மட்டும்தான் அவங்க செத்தாங்களா?"

ரிஃபாகத்துக்கு இது தோன்றியதே இல்லை. பத்தியைப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரியும். அவர்கள் அழவும் உரிமையுள்ளவர்கள் என்று அவர் நினைத்ததில்லை. "மன்னிச்சுடுங்க ஆபா" என்றார்.

"மன்னிப்பு எனக்கு எதுக்கு? நான் படிக்கிற பேப்பர்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கூமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். கிண்ணம் மேஜைமேல் இருந்தது.

எழுதினால் பேகம் முடிந்துபோவாள், எழுதாவிட்டால் ஹெட்மாஸ்டர் ஆவாள். ரிஃபாகத் ரவோவை ஒரு கரண்டி தின்றார், மிச்சத்தையும் தின்றார், மறுநாள் அலுவலகத்துக்குப் போய் எழுதினார். பட்டாணி, நெஞ்செரிச்சல், குளிப்பாட்டியது, கபன், ஜனாஸாத் தொழுகை, கபர், சோயம், நாற்பதாம் நாள் செஹ்லும். இவற்றில் ஒன்றுக்கும் அவர் ஆங்கிலம் தேடவில்லை. நடுவில் ஓரிடத்தில், நான் ஏன் சாய வேண்டும் என்று அவள் கேட்டதையும் எழுதினார். பிரதியை ஜர்மீனாவிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

அவள் படித்து முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"பீபி, இதுல ஒண்ணையும் சாய்க்க வேண்டாம். அடைப்புக்குறியும் வேண்டாம்."

"சாஹிப், எடிட்டர் என்னைப் பச்சையாத் தின்னுடுவார். பாதிப் பேருக்குப் புரியாது."

"பின்பக்கம் மரண அறிவிப்பு வருதே. அதுலயும் சோயம்னு வருது, ஜனாஸான்னு வருது. எல்லாம் நேராத்தானே நிக்குது? யாருக்குப் புரியல?"

"அது விளம்பரம். அதுல எங்க கை படாது."

"இதுலயும் படவேண்டாம். இதுவும் அதுதான்."

அவர் இவ்வளவு பேசி ஜர்மீனா கேட்டதில்லை. பிரதியை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஹல்வாவும் பூரியும் வாங்கி வந்து பேப்பரை விரித்தார். ஒரு எழுத்தும் சாயவில்லை. லண்டனிலிருந்து வந்த சொல்லும் நாசிமாபாத் சொல்லும் ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றன. "பாருங்க, பேகம்" என்று சொல்ல வாயெடுத்தவர் எதிர் நாற்காலியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பூரியைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

அன்று முழுக்கத் தொலைபேசி அடித்தது. முகம் தெரியாதவர்கள். ஒரு டாக்டர், கல்லூரிப் பெண்கள் இருவர், கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் சொந்தத்தில் ஒருத்தி போனதுபோல் பேசினார்கள். கூமியும் கூப்பிட்டாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்ததாகச் சொன்னாள். "நேரா நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். மாலையானதும் ஃபோன் ஓய்ந்தது. அதற்குப் பிறகு அடிக்கவில்லை. இனிமேல் பேகம் எங்கே என்று கேட்க அந்த ஊரிலும் ஆளில்லை.

மறுநாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. கழுவித் துடைத்து வைத்தார். வெறுமையாகக் கொடுக்க முடியாது. கடையில் சேமியாவும் பாலும் வாங்கி வந்தார். சமையல் என்று அவருக்குத் தெரிந்தது டீயும் முட்டையும்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மிஞ்சியதில் சேமியாவைக் கொட்டி, சர்க்கரை போட்டுக் கிளறினார். ஏதோ குறைந்தது. முகர்ந்து பார்த்தார். ஏலக்காய். எறும்புக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாமல் அதை எங்கேயோ ஒளித்துத்தான் வைப்பாள்.

"ஏலக்காய் எங்க வச்சிருக்கீங்க, பேகம்?" என்று உரக்கக் கேட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக எதைக் கேட்டாலும் அவள் பதில் சொல்லியிருக்கிறாள், வாரம் தவறாமல், வாய் நிறைய. கேள்வியும் இவரே எழுதினார், பதிலும் இவரே எழுதினார். இப்போது எழுதவில்லை, கேட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றார். அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் வந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, மேல் அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.